மாஸ்ஃபெட் ஆம்ப்ளிஃபையர் எப்படி வேலை செய்கிறது? கை சுட்டுக் கற்ற பாடம்

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை மாணவி)



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் மலரில் கவிதைக்கு எந்த வருடமும் பஞ்சம் வந்ததில்லை. அதனால் எனக்கு ஓரளவு உருப்படியாகத் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். தெரிந்துகொள்ள இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒரு ஸ்பீக்கரும் செலவானது என்பதால் கொஞ்சம் கவனமாகவே படியுங்கள்!

என் அப்பா மைக் செட் கடையில் வேலை பார்ப்பவர். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு, எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறிக் கட்டுவார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். தமிழ் மீடியத்தில் படித்து வந்ததால் முதல் செமஸ்டரில் 'பயாஸ்' என்றால் என்ன, 'கெயின்' என்றால் என்ன என்று தெரியாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்து முழித்திருக்கிறேன். என்னைப் போல முழிக்கும் ஜூனியர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஆம்ப்ளிஃபையர் என்ன செய்கிறது?

சின்ன சிக்னலை உள்ளே விட்டால் அதுவே பெரிதாகி வெளியே வருகிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் உள்ளே போன சிக்னல் ஸ்பீக்கருக்குப் போவதே இல்லை. ஸ்பீக்கருக்குப் போகும் சக்தி முழுவதும் பவர் சப்ளையிலிருந்து வருகிறது. அதை எவ்வளவு விடுவது, எப்போது விடுவது என்று சொல்வது மட்டும்தான் சிக்னலின் வேலை. எங்கள் ஊர் ஏரி மதகை ஒரு ஆள் திருகினால் வயல் முழுக்கத் தண்ணீர் பாய்கிறது. பாய்வது ஏரித் தண்ணீர். திருகுபவர் கையின் பலம் இல்லை. அதே கதைதான் இது.

நான் கட்டிய சர்க்யூட்டை வைத்துக் கணக்குப் பார்ப்போம். உள்ளே வருவது சுமார் 0.83 வோல்ட் சிக்னல். இன்புட் ரெசிஸ்டர் 22 கிலோ ஓம். ஆக, மிக்ஸர் கொடுக்கவேண்டிய மின்னோட்டம் சுமார் 40 மைக்ரோ ஆம்பியர்தான். வெளியே 8 ஓம் ஸ்பீக்கரில் 19 வோல்ட், 2.4 ஆம்பியர், அதாவது 45 வாட். வோல்ட்டேஜ் 23 மடங்குதான் பெருகியிருக்கிறது. மின்னோட்டமோ பல ஆயிரம் மடங்கு! இந்தக் கடைசி வேலையைச் செய்வதுதான் மாஸ்ஃபெட்.

மாஸ்ஃபெட்டின் கேட்

சாதாரண டிரான்சிஸ்டரில் பேஸுக்கு மின்னோட்டம் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். நம் லேபில் கிடக்கும் 2 என் 3055-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4 ஆம்பியரில் அதன் கெயின் 20 வரைகூட இறங்கலாம். அப்படியானால் 4 ஆம்பியர் வேண்டுமென்றால் பேஸுக்கு 200 மில்லி ஆம்பியர் ஊட்டவேண்டும். அதை ஊட்ட இன்னொரு டிரான்சிஸ்டர், அந்த டிரான்சிஸ்டருக்கு ஊட்ட இன்னொன்று என்று வரிசை நீளும்.

மாஸ்ஃபெட்டில் அப்படி இல்லை. மெட்டல், ஆக்சைடு, செமிகண்டக்டர் என்று மூன்று அடுக்கு. நடுவில் உள்ள ஆக்சைடு கண்ணாடி மாதிரி ஒரு காப்புப் படலம். கேட்டுக்கும் கீழே உள்ள சிலிக்கானுக்கும் இடையில் மின்சாரம் போக வழியே கிடையாது. ஆனாலும் கேட்டில் பாசிட்டிவ் வோல்ட்டேஜ் வைத்தால் அதன் மின்புலம் படலத்தைத் தாண்டி எட்டிப்பார்த்து எலக்ட்ரான்களை மேலே இழுக்கிறது. எலக்ட்ரான்கள் கூடிய இடம் ஒரு வாய்க்கால் போல ஆகி, ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே மின்னோட்டம் பாய்கிறது. இது என் சானல். பி சானலில் எல்லாம் தலைகீழ்.

மின்புலத்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணம் பழையது. லிலியன்ஃபெல்ட் என்பவர் 1925-லேயே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால் செய்து காட்ட முடிந்தது 1959-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில். செய்தவர்கள் முகமது அட்டல்லா, டாவோன் காங். எகிப்தில் பிறந்த ஒருவரும் கொரியாவில் பிறந்த ஒருவரும்! 1970-களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் ஆடியோவுக்கென்றே பவர் மாஸ்ஃபெட் ஜோடிகளைக் கொண்டுவந்தது.

நான் பயன்படுத்தியது ஐ.ஆர்.எஃப்.பி. 240 என்ற என் சானலும், ஐ.ஆர்.எஃப்.பி. 9240 என்ற பி சானலும். இரண்டும் 200 வோல்ட் தாங்கும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 2 முதல் 4 வோல்ட் வந்தபிறகுதான் வாய்க்கால் திறக்க ஆரம்பிக்கும். இதுதான் திரெஷோல்டு. இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் காலை வாரிவிட்டது இதுதான்.

சர்க்யூட்டின் உள்ளே ஒரு நடை

*பவர் சப்ளை:* 25-0-25 டிரான்ஸ்ஃபார்மர். 25-ஐ 1.414-ஆல் பெருக்கினால் சுமார் 35. பிரிட்ஜ் டயோடில் ஒரு வோல்ட் போக, மேலே பிளஸ் 34, கீழே மைனஸ் 34. ஒவ்வொரு பக்கமும் 10,000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். இரண்டு பக்கமும் சப்ளை இருப்பதால் நடுப்புள்ளி பூஜ்யத்தில் நிற்கும். ஸ்பீக்கரை நேராகவே கட்டலாம்.

*வாசல்:* முதலில் ஒரு மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். சிக்னலோடு ஒட்டிவரும் டி.சி.யை இது வாசலிலேயே நிறுத்திவிடும். 22 கிலோ ஓமோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் 7 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தடை. காதுக்குக் கேட்பது 20 ஹெர்ட்ஸிலிருந்துதானே, அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

*இரட்டையர்:* அடுத்தது டிஃபரன்ஷியல் ஜோடி. ஒரே மாதிரி இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஒருவர் காதில் இன்புட் சிக்னல். இன்னொருவர் காதில் அவுட்புட்டிலிருந்து திரும்பி வரும் செய்தி. 22 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் சேர்ந்து அவுட்புட்டை 23-ல் ஒரு பங்காகக் குறைத்து அனுப்புகின்றன. இரண்டும் சமமாக இருந்தால் சரி. வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசம் அடுத்த படிக்குப் போய் அவுட்புட்டைத் திருத்துகிறது. இதுதான் நெகட்டிவ் ஃபீட்பேக். கெயின் 23 என்பதைத் தீர்மானிப்பது அந்த இரண்டு ரெசிஸ்டர்கள்தான். டிரான்சிஸ்டர் எந்தக் கடையில் வாங்கினது என்பது இல்லை. 1 கிலோ ஓமுக்குக் கீழே 100 மைக்ரோ ஃபாரட் இருப்பதால் டி.சி.க்கு மட்டும் கெயின் 1. எனவே அவுட்புட் பூஜ்யத்தை விட்டு நகராது.

*வோல்ட்டேஜ் படி:* இங்கேதான் 27 வோல்ட் உச்சம் வரை சிக்னல் வளர்கிறது. இந்த டிரான்சிஸ்டரில் 10 மில்லி ஆம்பியர் ஓட வைத்திருக்கிறேன். ஏன் 10? கேட்டுக்கு மின்னோட்டம் வேண்டாம் என்று மேலே சொன்னேன் அல்லவா? அது டி.சி.க்கு மட்டும். காப்புப் படலமும் இரண்டு பக்கத் தகடும் சேர்ந்தால் அது ஒரு கெப்பாசிட்டர்தானே! ஐ.ஆர்.எஃப்.பி. 240-க்கு அது சுமார் 1300 பிகோ ஃபாரட். 20,000 ஹெர்ட்ஸில் 27 வோல்ட் ஆட்ட வேண்டுமென்றால் சுமார் 4.4 மில்லி ஆம்பியர் வேண்டும். சோர்ஸும் கேட்டோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் நிஜத்தில் இன்னும் குறைவு. 10 மில்லி ஆம்பியர் தாராளம். நடுவில் டிரைவர் டிரான்சிஸ்டரே வேண்டியதில்லை.

*கடைசிப் படி:* மேலே என் சானல், கீழே பி சானல். சிக்னல் பாசிட்டிவாக ஏறும்போது மேலே உள்ளது பிளஸ் சப்ளையிலிருந்து ஸ்பீக்கருக்குத் தள்ளும். நெகட்டிவாக இறங்கும்போது கீழே உள்ளது இழுக்கும். மரம் அறுக்கும் இரட்டைக் கை ரம்பம் மாதிரி, ஒருவர் மாற்றி ஒருவர். இரண்டும் சோர்ஸ் ஃபாலோவர். வோல்ட்டேஜைப் பெருக்காது, கேட் போகிற இடத்துக்கெல்லாம் சோர்ஸ் பின்னாலேயே போகும், நிறைய ஆம்பியரோடு.

ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் 220 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். "இது எதுக்கு, தேவையே இல்லையே" என்று எடுத்துவிடாதீர்கள். மாஸ்ஃபெட் ரொம்ப வேகமான சாமான். வயரின் நீளமே காயில் மாதிரி நடந்து, மெகா ஹெர்ட்ஸ் கணக்கில் தானாக ஆட ஆரம்பித்துவிடும். காதுக்கு எதுவும் கேட்காது. சாமான் மட்டும் கொதிக்கும். அதைத் தடுப்பதுதான் இந்த ரெசிஸ்டர். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே 12 வோல்ட் ஜீனர் ஒன்றும் உண்டு. 20 வோல்ட்டைத் தாண்டினால் ஆக்சைடு படலம் ஓட்டை விழலாம். விழுந்த ஓட்டையை அடைக்க முடியாது.

அவுட்புட்டில் 10 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரட்டும் தொடராகக் கிடக்கும். ஸ்பீக்கர் ஒரு காயில் என்பதால் உயர்ந்த அதிர்வெண்ணில் அதன் தடை கூடிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபையருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அதுதான் இது.

பயாஸ் என்ற மர்மம்

திரெஷோல்டு 4 வோல்ட் என்றால், சிக்னல் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் இரண்டு மாஸ்ஃபெட்டும் தூங்கும். மேலே உள்ளது விட்டுவிட்டது, கீழே உள்ளது இன்னும் பிடிக்கவில்லை. அந்த இடைவெளியில் பாட்டு கரகரக்கும். சத்தம் குறைவாக வைக்கும்போதுதான் இது நன்றாகத் தெரியும். இதுவே கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன்.

மருந்து சுலபம். சிக்னல் இல்லாதபோதே இரண்டையும் லேசாக விழித்திருக்கச் செய்யவேண்டும். இரண்டு கேட்டுகளுக்கும் இடையில் சுமார் 7.5 வோல்ட் நிரந்தரமாக நிற்கும்படி ஒரு டிரான்சிஸ்டரும், இரண்டு ரெசிஸ்டரும், ஒரு பிரீசெட்டும் போடுகிறோம். நான் போட்டது பி.டி. 139. பிரீசெட்டைத் திருகி 100 மில்லி ஆம்பியர் ஓட விடுகிறோம். அளப்பதும் எளிது. சோர்ஸில் உள்ள 0.22 ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே மீட்டரை வைத்தால் 22 மில்லி வோல்ட் காட்டவேண்டும். பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் 68 வோல்ட்டில் 0.1 ஆம்பியர், அதாவது சுமார் 7 வாட் சூடாகப் போகிறது. நல்ல சத்தத்துக்கு நாம் கட்டும் வாடகை இது.

நான் செய்த தப்பு

போன வருடம் தை மாதம், வீட்டுத் திண்ணையில் சர்க்யூட்டை வைத்து ஆன் செய்தேன். அப்பா தன் முதலாளியிடம் கேட்டு ஒரு 8 ஓம் ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தார். பயாஸ் 100 மில்லி ஆம்பியர். பாட்டு போட்டேன். அவ்வளவு சுத்தமான சத்தம்! பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து "ஏ, நீயா செஞ்ச?" என்று கேட்டாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அரை மணி நேரம் ஓடியிருக்கும். அப்பா ஹீட் சிங்கைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட வேகத்தில் கையை எடுத்தார்.

"பாப்பா, கை வைக்க முடியல. அமத்திப் போடு" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லப்பா, இது மாஸ்ஃபெட். சூடானா கரண்ட்டைத் தானே குறைச்சுக்கும். புக்குலயே இருக்கு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். ஒரு ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. 'பட்' என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் கோன் ஒரே பக்கமாகத் தள்ளி நின்றது. ஸ்விட்சை அணைப்பதற்குள் காயில் கருகிய வாசனை திண்ணை முழுக்க வந்துவிட்டது. ஃப்யூஸ் ஏன் போகவில்லை? கடையில் சரியான ஃப்யூஸ் இல்லையென்று நான்தான் அந்த இடத்தில் ஒரு செப்புக் கம்பியை வைத்திருந்தேன்!

ஸ்பீக்கருக்குப் புதுக் காயில் போட்ட செலவு அப்பாவின் கூலியில் பிடிக்கப்பட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஏன் வெடித்தது?

ஒரு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து டேட்டா ஷீட்டில் இருந்த கிராஃபைப் பார்த்தபிறகுதான் புரிந்தது. புத்தகத்தில் இருந்தது பொய் இல்லை, பாதி உண்மை. சூடாகும்போது மாஸ்ஃபெட்டில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, வாய்க்காலின் தடை கூடுகிறது. இது மின்னோட்டத்தைக் குறைக்கும். இன்னொன்று, திரெஷோல்டு ஒவ்வொரு டிகிரிக்கும் சில மில்லி வோல்ட் இறங்குகிறது. இது மின்னோட்டத்தைக் கூட்டும். பல ஆம்பியர் ஓடும்போது முதலாவது ஜெயிக்கும். குறைந்த மின்னோட்டத்தில் இரண்டாவது ஜெயிக்கும்.

எங்கே மாறுகிறது என்பது வகையைப் பொறுத்தது. ஹிட்டாச்சி கொண்டுவந்த லேட்டரல் வகையில் சுமார் 100 மில்லி ஆம்பியரிலேயே மாறிவிடும். அதனால் அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். நான் போட்டது வெர்டிக்கல் வகை, ஸ்விட்சிங் வேலைக்காகச் செய்யப்பட்டது. அதில் பல ஆம்பியர் தாண்டித்தான் மாறும். என்னுடையது ஓடியதோ 100 மில்லி ஆம்பியரில்!

கேட்டுகளுக்கு இடையே 7.5 வோல்ட் மாறாமல் நிற்கிறது. சூடு ஏற ஏறத் திரெஷோல்டு இறங்குகிறது. மின்னோட்டம் 100-லிருந்து 200, 300 என்று ஏறுகிறது. மின்னோட்டம் ஏறினால் மறுபடியும் சூடு. கடைசியில் ஒரு மாஸ்ஃபெட் ட்ரெயினும் சோர்ஸும் ஒட்டிப்போய் ஷார்ட் ஆனது. 34 வோல்ட் டி.சி. அப்படியே ஸ்பீக்கரில் விழுந்தது. 8 ஓம் என்று வைத்தாலும் 4.25 ஆம்பியர், 145 வாட். எந்தக் காயில் தாங்கும்?

இதைத் தடுப்பதற்குத்தான் அந்த பி.டி. 139. அதை நான் போர்டிலேயே சோல்டர் செய்து குளுகுளுவென்று வைத்திருந்தேன். அதை மாஸ்ஃபெட்டுக்குப் பக்கத்திலேயே ஹீட் சிங்கில் முடுக்கவேண்டும். அதன் பேஸ் எமிட்டர் வோல்ட்டேஜ் டிகிரிக்கு சுமார் 2 மில்லி வோல்ட் குறையும். இந்த சர்க்யூட்டில் அது பதினோரு மடங்குக்கு மேல் பெருக்கப்படுவதால், டிகிரிக்கு 20 மில்லி வோல்ட்டுக்கு மேல் பயாஸ் தானாக இறங்கிவிடும். இப்போது அப்படித்தான் கட்டியிருக்கிறேன். சூடானால் மின்னோட்டம் கூடுவதற்குப் பதிலாகக் கொஞ்சம் குறைகிறது. குறைந்தால் பரவாயில்லை, கூடினால்தான் ஆபத்து.

செய்யப்போகிறவர்களுக்கு

1. முதல் தடவை ஆன் செய்யும்போது சீரிஸ் போர்டில் 60 வாட் குண்டு பல்பு போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட். (இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்பா.)

2. ஸ்பீக்கரைக் கட்டுவதற்கு முன் அவுட்புட்டில் டி.சி. பாருங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும்.

3. பிரீசெட்டைக் குறைந்த பயாஸ் பக்கம் வைத்து ஆரம்பியுங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள்.

4. இந்த மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடு ட்ரெயினோடு சேர்ந்தது. மைக்கா, பேஸ்ட் இல்லாமல் ஹீட் சிங்கில் முடுக்கினால் சப்ளையே ஷார்ட் ஆகும்.

5. ஹீட் சிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். 45 வாட் சத்தம் வரும்போது சப்ளையிலிருந்து சுமார் 74 வாட் போகிறது. மீதி 29 வாட்டும் சூடுதான்.

6. ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் ஃப்யூஸ் மட்டும்தான்.

இன்று வரும் பல புதிய ஆம்ப்ளிஃபையர்கள் கிளாஸ் டி வகை. அதில் மாஸ்ஃபெட்டை ஸ்விட்ச் மாதிரி முழுக்கத் திறந்து முழுக்க மூடுவதால் சூடு மிகவும் குறைவு. அதைப் படிப்பதற்கும் இந்த சர்க்யூட்தான் முதல் படி என்று நினைக்கிறேன். கேட், திரெஷோல்டு, கேட் கெப்பாசிட்டன்ஸ் எல்லாம் அங்கேயும் வரும்.

என் ஆம்ப்ளிஃபையர் இந்த வருடக் கொடைக்கு எங்கள் தெருவில் இரண்டு ராத்திரி ஓடியது. அப்பா மணிக்கு ஒரு தடவை வந்து ஹீட் சிங்கைத் தொட்டுப் பார்த்தார். நான் மீட்டர் வைத்து அளந்தேன். "எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார். "பதினாறுப்பா" என்றேன். "கை வைக்க முடியுது, ஓடட்டும்" என்றார்.

சர்க்யூட் படம் நம் லேப் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. ஜூனியர் தம்பி தங்கைகள் கட்டிப் பார்க்க நினைத்தால் தயங்காமல் வந்து கேளுங்கள். சீரிஸ் போர்டு என்னிடமே இருக்கிறது, இரவல் தருகிறேன்.